பேக்கிங் வெட்டிய கைகள்

எங்கள் நைனாவுக்குத் திருவொற்றியூரில் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் மூன்று பேரும் அங்கேதான் போவோம். ஒரு பக்கம் வீட்டுப்பாடம், ஒரு பக்கம் மண்ணெண்ணெயில் நட்டு கழுவுவது. வந்த வண்டிகளில் பாதி அம்பாசடர். இன்று அதைக் 'கிளாசிக் கார்' என்கிறார்கள். எங்களுக்கு அது ராத்திரி சோறு.

இந்த மண்ணுக்குக் கார் புதிதல்ல, தோழர்களே. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டியது. 1955-ல் அதுவே அசோக் லேலண்ட் ஆனது. திருவொற்றியூருக்கு என்ஃபீல்டு வந்ததும் அந்தக் காலத்தில்தான். அந்த ஏ40-இன் 1200 சி.சி. எஞ்சினிலிருந்து வளர்ந்ததுதான் அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சின். ஆலைகளின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. அந்த எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டிய கைகளின் பெயர்?

ஒருமுறை ஒரு பெரிய வீட்டு அம்பாசடர் வந்தது. எஞ்சினையே மாற்ற வேண்டும் என்று வேறொரு இடத்தில் சொல்லிவிட்டார்களாம். நைனா ஆயில் மூடியைத் திறந்தார். உள்ளே பால் டீ மாதிரி இருந்தது. "தண்ணி ஆயில்ல கலக்குது. ஹெட்டு பேக்கிங்தான் போச்சு" என்றார்.

பட்டறையில் கேஸ்கெட்டுக்குப் பெயர் பேக்கிங். பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே நெருப்பு, தண்ணீர், ஆயில் மூன்றையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் நிற்பது அந்த மெல்லிய தகடு. எல்லா இடத்துக்கும் ஒரே பேக்கிங் ஆகாது. ஹெட்டுக்குச் செம்புத் தகடுகளுக்கு நடுவே கல்நார் வைத்தது, டேப்பெட் கவருக்குக் கார்க், கார்புரேட்டருக்குக் காகிதம். புதுப்பேட்டையில் வாங்கும்போது பழையதன் மேல் புதியதை வைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு துளையாகப் பார்ப்பார். ஒரு தண்ணீர்த் துளை அடைபட்டாலும் எஞ்சின் கொதிக்கும்.

பூட்டுவதில் அவசரமே கிடையாது. ஒட்டியிருக்கும் பழசைத் துளிகூட விடாமல் சுரண்ட வேண்டும். நேர்க்கோல் வைத்து, ஃபில்லர் கேஜ் நுழைத்து, ஹெட்டு வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தகட்டில் 'டாப்', 'ஃப்ரண்ட்' என்று பொறித்திருக்கும், அதன்படி வைக்க வேண்டும். நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சுற்றுச்சுற்றாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஓரத்தை முதலில் இறுக்கினால் அழுத்தம் சமமாக விழாது, ஹெட்டு வளையும். ஓட்டிப் பார்த்த பிறகு மறுபடி இறுக்கி, டேப்பெட் இடைவெளியும் பார்க்க வேண்டும். கடையில் கிடைக்காத காகிதப் பேக்கிங்கை, பாகத்தின் மேலேயே தாளை வைத்து, விளிம்பில் சுத்தியால் தட்டித் தட்டி வெட்டுவார். அளவெடுக்க மாட்டார். பிசகாது.

அந்தக் கார் ஓடியது. ஓட்டிக் காட்ட நைனா உட்காரும் முன், உரிமையாளர் சீட்டில் செய்தித்தாள் விரித்தார். கிரீஸ் ஒட்டும் என்றார். அடுத்த வாரம் பணம் வாங்க, குளித்து வெள்ளைச் சட்டை போட்டுப் போன நைனாவுக்குத் திண்ணையிலும் செய்தித்தாள்தான். அன்று கிரீஸ் எங்கே இருந்தது?

பட்டறைக்கு முன் ஒரு கம்பெனியில் நைனா பல வருஷம் 'ஹெல்பர்'. சான்றிதழோடு வந்தவர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்ததும் அந்த ஹெல்பர்தான். 1938-ல் மன்மாட்டில் ரயில்வே தொழிலாளர்களிடம் பேசிய அம்பேத்கர், நம் மக்கள் கேங்மேன்களாகவே நிறுத்தப்படுவதையும் ரயில்வே பட்டறைகளில் மெக்கானிக் ஆவது அரிதாக இருப்பதையும் சுட்டிக்காட்டினார். திறமை கையில் இருந்தாலும் அதற்குப் பெயர் வைக்கும் அதிகாரம் வேறு யாரிடமோ இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுரண்டிய கல்நார்த் தூளை நாங்கள் வாயால் ஊதித் தள்ளினோம். அது புற்றுநோய் தரும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டை நாற்பது ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆலைக்காவது பதிவேடு உண்டு. தகரக் கூரைக்கு ஏது? நைனா கடைசி வருஷங்களில் இருமிக்கொண்டே இருந்தார். எதனால் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. என்ன வேலை செய்தீர்கள் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

பழைய எஞ்சினில் கை வைக்கும் ஐ.டி.ஐ. தம்பி தங்கைகளே, கல்நார் இல்லாத பேக்கிங் இன்று கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். பழசைச் சுரண்டும் முன் தண்ணீரில் நனையுங்கள். வாயாலும் ஊதாதீர்கள், கம்ப்ரஸராலும் அடிக்காதீர்கள். தூசிக்கான முகக்கவசம் போடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் செய்யும் வேலையைச் சொல்லி எழுத வையுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் அப்பாவிடமும் அம்மாவிடமும் உட்கார்ந்து, அவர்களுக்கு என்னென்ன வேலை தெரியும் என்று கேட்டு எழுதி வையுங்கள். நாங்கள் கேட்கத் தவறினோம். நைனாவின் சுத்தி மட்டும் எங்களிடம் இருக்கிறது.