இன்மைக்கும் ஓர் ஆசனம்

1914ஆம் ஆண்டில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் விரிவுரை நிகழ்த்திய பெர்ட்ரண்ட் ரஸல், எதிர்மறை உண்மைகள் என்பனவும் உலகத்தில் உண்டு என்று சொல்லப்போக, வகுப்பிலே கலகம் மூளாத குறையாகிவிட்டதாம். நான்கு ஆண்டு கழித்து லண்டனில் நிகழ்த்திய எட்டு விரிவுரைகளில் அவர் தாமே இதை நினைவுகூர்கிறார். சம்பளத்துக்காகவும் பரீக்ஷைக்காகவும் விடுதிச் சோற்றுக்காகவும் மாணாக்கர் கலகம் செய்வதை நான் அறிவேன். இல்லாமை என்று ஒன்று உண்டா என்பதற்காகக் கொதித்தெழுந்த அந்த வகுப்பின்மீது மாத்திரம் எனக்குத் தீராத மரியாதை.

அந்த எட்டு விரிவுரைகளில் அவர் ஸ்தாபித்த கொள்கைக்குத் தருக்க அணுவாதம் என்று பெயர். உலகமெல்லாம் பிரிக்கவொண்ணாத ஒரே அகண்டப் பொருள் என்று ஹெகல் வழியினர் பேசிவந்ததை மறுத்து, உலகம் தனித்தனிப் பொருள்களாலும் அவற்றின் குணங்களாலும் சம்பந்தங்களாலும் ஆனதென்றும், எந்த வாக்கியத்தையும் பகுத்துப் பகுத்துச் சென்றால் ‘இது வெண்மை’, ‘இது அதற்கு இடப்புறம்’ என்பன போன்ற, மேலும் பகுக்கவியலாத அணுவாக்கியங்களில் போய் நிற்குமென்றும், அவ்வொவ்வொன்றுக்கும் உலகில் ஓர் அணுவுண்மை நேர்நிற்குமென்றும், கூட்டுவாக்கியங்கள் இவற்றை ‘உம்’, ‘அல்லது’, ‘ஆயின்’ என்று கோத்த கோவையேயென்றும் அவர் நிறுவ முயன்றார். இக்கருத்துக்களிற் பலவற்றைத் தம் மாணாக்கராயிருந்த விட்கென்ஸ்டைனிடமிருந்தே பெற்றதாக ஒளிக்காமல் சொன்ன ரஸலுக்கு, ஆஸ்திரிய சேனையில் போர்புரிந்துகொண்டிருந்த அந்த மாணாக்கர் உயிரோடிருக்கிறாரா என்பதுகூட அப்போது தெரியாது.

பகுப்பாய்வின் வாள் எங்கே பாயுமென்று சொல்வதற்கில்லை. லண்டனிலுள்ள பிக்கடில்லி வீதியே ஒரு தருக்கப் புனைவுதான் என்று அவர் சொல்லியிருக்கிறார். நாம் பெயர் என்று வழங்குவன பலவும் உண்மையில் பெயரல்ல, சுருக்கி வைத்த வருணனைகளே என்பதும் அவர் கக்ஷி. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, தம்பிப்பிள்ளை தண்டையலாக நின்று நடத்த, சமுத்திரங்களைக் கடந்து 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைப் போய்ச்சேர்ந்த அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலுக்கு, அதை விலைக்கு வாங்கிய வில்லியம் ரொபின்சன் தம் மனைவியின் பெயரை இட்டுவிட்டார். அன்னபூரணியும் ஃபுளோரன்ஸ் ரொபின்சனும் ஒன்றே என்பதை ரஸலின் முறையில் அவிழ்த்தால், இரண்டு வருணனைகளும் ஒரே பொருளில் வந்து பொருந்துகின்றன என்பது மிஞ்சும். அந்தப் பொருளையும் அவிழ்த்தால், அவ்வப்போது கண்ணுக்குப் பட்ட தோற்றங்களின் வரிசையொன்றே மிஞ்சும். பலகையும் பாயும் கயிறும் எங்கேயோ நழுவிவிடும். சொந்தக் கையால் மரம் இழைத்துக் கப்பல் கட்டிய மேஸ்திரிமாரின் பேரப்பிள்ளைகள் இருக்கும் ஊரில், அன்னபூரணி ஒரு தருக்கப் புனைவு என்று யாரும் உரத்துச் சொல்லிப் பார்க்கவேண்டாம்.

இருக்கும் கப்பலைச் சொல்வதற்கே இத்தனை பாடென்றால், இல்லாத கப்பலை என்ன செய்வது? ஹார்வர்டில் மாணாக்கரைக் கொதிக்கச் செய்த இந்தக் கேள்வியை நான் ரஸலிடம் கற்கவில்லை. சிறுவயதில் எனக்குத் தருக்கம் சொல்லித்தந்த சட்டம்பியார் ஒருவர், வல்வெட்டித்துறை வைத்தீஸ்வரன் கோயில் வெளிமண்டபத்தில் மாலைவேளைகளில் ‘தருக்க சங்கிரகம்’ படிப்பிப்பது வழக்கம்: அன்னம்பட்டர் வடமொழியில் செய்ததைத் திருவாவடுதுறைச் சிவஞான முனிவர் தமிழாக்கி, நல்லூர் ஆறுமுக நாவலர் அச்சேற்றிய அந்நூலின் பழம்பிரதி, அட்டையிழந்து, கரையான் தின்ற விளிம்போடு அவர் மடியில் கிடக்கும். திரவியம், குணம், கருமம், சாமானியம், விசேடம், சமவாயம் என்று ஆறு பதார்த்தங்களைச் சொல்லி முடித்து, ஏழாவதாகிய அபாவத்துக்கு வந்த அன்று, அவர் நூலை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அக்காலத்தில் என் சிறிய தந்தையார் நாகபட்டினத்திலிருந்து கப்பலில் வரவிருந்தார்.

“தம்பி, ஓடிப்போய்ச் சித்தப்பான்ரை கப்பல் வந்திட்டுதோ எண்டு பாத்திட்டு வா.”

கூப்பிடு தூரத்திலிருந்த கடற்கரைக்கு ஓடித் திரும்பி, மூச்சிரைக்க, “வரேல்லை ஐயா” என்றேன்.

“அங்கை என்னத்தைக் கண்டனி?”

“கடலைக் கண்டனான்.”

“கடலைக் கண்டவன் ‘கடல் கிடக்கு’ எண்டெல்லோ வந்து சொல்லவேணும்? காணாத கப்பலைப் பற்றி உனக்கென்ன கதை?”

நான் விழித்தேன். அவர் விடவில்லை. கடல் மாத்திரம் கண்ணில் பட்டது என்பதனால் கப்பலின் இன்மை உனக்குத் தெரிந்துவிடவில்லை. கப்பல் இன்னதென்று அறிந்து, அது வருமென்று எதிர்பார்த்துப் போனமையால்தான் கடலை அதன் அபாவத்தோடு கூடியதாகக் கண்டாய். இன்மை எதனுடையதோ அந்தப் பொருள் பிரதியோகி. பிரதியோகியை அறியாதவனுக்கு அபாவமும் இல்லை என்றார். பிறகு வகைகளை விரித்தார். பலகை அறுக்கப்படுமுன் இருந்த கப்பலின்மை பிராகபாவம்: அதற்குத் தொடக்கமில்லை, முடிவுண்டு. உடைந்தபின் வரும் இன்மை பிரத்துவம்சாபாவம்: அதற்குத் தொடக்கமுண்டு, முடிவில்லை. கப்பல் கடலன்று, கடல் கப்பலன்று என்பது அந்நியோந்நியாபாவம். முக்காலத்தும் இல்லாமை அத்தியந்தாபாவம். வந்து வந்து போகிற கப்பலின் இன்மை இவற்றுள் எந்த வகை என்று நான் கேட்டதற்கு, சிலர் சாமயிகாபாவம் என்று ஐந்தாவதொன்றையும் கூட்டுவர் என்று சொல்லி, மேற்கொண்டு பேசாமல் விபூதிச் சம்புடத்தைத் தேடலானார். அந்தக் கேள்வி பெரிய நையாயிகர்களையும் இடறியது என்பதைப் பிற்காலத்தில் அறிந்தேன்.

ரஸலின் வகுப்பிலிருந்த ரபேல் டீமோஸ், 1917இல் ‘மைண்ட்’ சஞ்சிகையில் குருவை மறுத்து ஒரு கட்டுரை எழுதினார். தத்துவம் பயிலாத புத்திசாலிகளான தம் நண்பர்களைக் கேட்டுப்பார்த்ததில், எதிர்மறை உண்மையொன்றை அநுபவத்தில் சந்தித்ததாக ஒருவரும் சொல்லவில்லையென்றும், ‘கப்பல் இல்லை’ என்பது போன்ற வாக்கியம் கப்பலிருப்போடு முரணும் உடன்பாட்டு உண்மை ஏதோ ஒன்றைச் சுட்டுவதேயென்றும் அவர் வாதித்தார். நண்பர்களைத் தெரிந்தெடுப்பதில் அவர் இன்னும் கவனமாயிருந்திருக்கலாம். புயற்காலத்தில் துறையில் கப்பலுக்குக் காத்திருக்கும் தண்டையல் மனைவியர் வேறு விதமாகச் சொல்லியிருப்பார்கள். ரஸலின் மறுப்போ கூர்மையானது: முரண் என்பதை விளக்கப் புகுந்தால் அதற்குள்ளேயே ‘இரண்டும் ஒருங்கே உண்மையாகா’ என்ற எதிர்மறை ஒளிந்திருக்கிறது, வாசலில் துரத்தியது கொல்லைப்புறமாக வந்துவிடுகிறது. ஆயினும் இவ்வளவு தெளிவாகக் கண்டவர், எதிர்மறை உண்மைகள் உண்டென்று நான் அறுதியிடவில்லை, இருக்கலாம் என்கிறேன், நீங்களும் பிடிவாதம் செய்யவேண்டாம் என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

வைசேடிகம் வகுத்த கணாதரின் பழைய சூத்திரமும் ஆறு பதார்த்தத்தோடு நின்றதென்பர். அவர் வழிவந்தோர், அணுவும் குணமும் போதா, இன்மைக்கும் ஓர் ஆசனம் போடாமல் உலகக் கணக்கு நேராகாது என்று கண்டு, ஏழாவதைச் சேர்த்து, வகைபிரித்து, சிறுபிள்ளைகளுக்கான பாடநூலிலேயே எழுதிவைத்தார்கள். அருணந்தி சிவாசாரியாரும் சிவஞான சித்தியாரில் அளவைகள் பத்து என எண்ணுமிடத்து அபாவத்தையும் எண்ணினார், காண்டல், கருதல், உரை என்னும் மூன்றிலேயே மற்றவை அடங்குமென்று பின்னர்ச் சுருக்கினாரேனும்.

பர்மாவின் அக்கியாப்பிலிருந்து நெல்லேற்றி வந்த பாய்க்கப்பல்கள் வல்வெட்டித்துறைக்கு இப்போது வருவதில்லை. ஆவிக்கப்பலும் சுங்கச்சட்டமும் அத்தொழிலை முடித்துவைத்தன. அந்தக் கப்பல்கள் இல்லாமை அங்கே கிடக்கும் மணலைப்போல் ஓர் உண்மையா, மணலைப் பார்த்து நாம் செய்துகொள்ளும் அனுமானமா என்று என்னைக் கேட்டால், என் வாக்கு அன்னம்பட்டருக்கே. ஐயமுள்ளவர்கள் தருக்க சங்கிரகத்தின் கடைசிப் பக்கங்களைப் படித்துவிட்டு வாதுக்கு வரலாம். முதலாறு பதார்த்தங்களை மாத்திரம் படித்துவிட்டு வரவேண்டாம்.