மணிக்கூண்டுக்குக் கீழே ஒரு காமெடி டெஸ்ட்!

காந்தி மண்டபம் ஸ்டாப்ல இறங்கி ரோட்டைத் தாண்டுங்க பாஸ். மணிக்கூண்டோட செக்கச்செவேல்னு நிக்குதே, அதுதான் கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ். 1794-ல் சர்வே ஸ்கூலா ஆரம்பிச்சதாம். அந்தப் பொது அறிவை விடுங்க.

இங்கே மெக்கானிக்கல் படிச்ச மோகன், 1972-ல் கல்லூரிப் போட்டிக்காக 'கிரேட் பேங்க் ராபரி'னு ஒரு குட்டி நாடகம் எழுதினார். 1976-ல் 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' வந்ததும் அவர் கிரேஸி மோகன்! ஆனாலும் உடனே வேலைக்கு டாட்டா காட்டலை. சுந்தரம் கிளேட்டன்ல சம்பளம் வாங்கிக்கிட்டேதான் நாடகம் எழுதினார்.

இது எனக்கு ரொம்ப முக்கியம். போன மாசம் ஓப்பன் மைக்ல அஞ்சு நிமிஷம் பேசினேன். சிரிச்சது என் ரூம்மேட் மட்டும்தான் (அவனுக்கு டிக்கெட் எடுத்ததே நான்!). அதுக்குள்ள, 'காலேஜை விட்டுடறேன்'னு அப்பாகிட்ட சொல்ல டயலாக் வேற ரெடி.

படியில் உட்கார்ந்து அந்த வைவா ஜோக்கைத் திருத்தினேன். ஏழு வரியில் அஞ்சை அடிச்சாச்சு. வாட்ச்மேன் அண்ணன் வந்துட்டார்.

''எந்த டிபார்ட்மென்ட் தம்பி?''

''மெக்கானிக்கல்ணே. ஆனா, வேற காலேஜ்!''

''இங்கே என்ன பண்றே?''

''காமெடிண்ணே... வரமாட்டேங்குது!''

சிரிச்சுட்டார். அதையும் நோட்ல எழுதிக்கிட்டேன்.