நூறு கிலோமீட்டருக்கு அப்பால்

தருசாவுக்கு ரயில் கிடையாது. தொண்ணூறுகளில் மாஸ்கோவில் படித்தபோது, செர்புகோவ் வரை மின்சார ரயிலில் போய் அங்கிருந்து பஸ் பிடிப்பேன். இறங்கினால் சரிவான தெருக்கள், ஜன்னல் சட்டங்களில் மரவேலைப்பாடு செய்த வீடுகள், வேலிக்கு மேல் எட்டிப் பார்க்கும் ஆப்பிள் கிளைகள், கீழே அவசரமே இல்லாத ஓகா நதி.

ரயில் வராததும் தலைநகரிலிருந்து தள்ளியிருந்ததும்தான் இந்தச் சிற்றூரை இலக்கிய ஊராக்கின என்பேன். ஸ்டாலின் கால முகாம்களிலிருந்து வெளிவந்தவர்களில் பலர் மாஸ்கோவைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்குள் குடியிருக்கக் கூடாது என்று தடை இருந்தது. தருசா சுமார் 140 கிலோமீட்டரில் இருந்தது. கவிஞரான கணவரை முகாமில் பறிகொடுத்த நதேழ்தா மண்டல்ஷ்தாம் சில காலம் இங்கேதான் இருந்தார்.

கவிஞர் மரீனா ஸ்வெதாயெவாவின் பால்யக் கோடைகள் இந்த ஆற்றங்கரையில் கழிந்தவை. தன்னை இங்கேயே புதைக்க வேண்டும் என்று பாரிஸில் இருந்தபோது எழுதினார்; முடியாவிட்டால் ஒரு கல்லாவது வேண்டும் என்றார். 1941-இல் அவர் தூக்கிட்டுக்கொண்டது தொலைவில், காமா நதிக்கரை ஊரான யெலாபுகாவில். அங்கே அவரைப் புதைத்த இடம் எது என்று துல்லியமாகத் தெரியாது. 1962-இல் கீவ் மாணவர் ஒருவர் தருசாவில் அந்தக் கல்லை நட்டார். உடனே அகற்றிவிட்டார்கள். ஒரு கல்லுக்கும் பயந்த அரசு! 1988-இல்தான் கல் திரும்ப வந்தது. முகாமிலும் நாடுகடத்தலிலும் பல ஆண்டுகள் கழித்த மகள் அரியாத்னாவுக்கு மட்டும் இந்த மண்ணிலேயே இடம் கிடைத்தது.

எழுத்தாளர் பவுஸ்தோவ்ஸ்கி 1955-இல் இங்கே குடியேறினார். 1961-இல் அவரும் நண்பர்களும் 'தருசாப் பக்கங்கள்' என்ற தொகுப்பை மாஸ்கோவில் அல்லாமல் மாகாணத் தலைநகரான கலூகாவில் அச்சிட்டார்கள். ஸ்வெதாயெவா கவிதைகள், பாடகரும் கவிஞருமான ஒக்குஜாவாவின் போர்க் குறுநாவல் எல்லாம் அதில் இருந்தன. மேலிடம் கொதித்தது, அச்சு பாதியில் நின்றது, நூலகங்களிலிருந்தும் பிரதிகள் எடுக்கப்பட்டன.

ஆனால் ஊர்க்காரர்களுக்குப் பவுஸ்தோவ்ஸ்கி வேறு மாதிரி ஆள். 1956-இல் இந்த ஊரின் பராமரிப்பில்லாத நிலைமையைப் பற்றி அவர் எழுதிய கடிதம் கட்சி நாளிதழான 'பிராவ்தா'விலேயே வந்தது. 1967-இல் அவரைக் கௌரவக் குடிமகனாக்கினார்கள். கதைகளுக்காக என்று இலக்கியவாதிகள் சொல்லிக்கொள்ளட்டும். என் கணிப்பில் அந்தக் கடிதத்துக்காகத்தான்.