அடுத்த வீட்டு நெருப்பு

உடல் களைத்தால் உறக்கம் தீர்க்கும். வயிறு காய்ந்தால் உணவு தீர்க்கும். எழுதுகின்றவனுக்கும் பாடுகின்றவனுக்கும் படம் தீட்டுகின்றவனுக்கும் வரும் வறட்சி ஒன்று உண்டு; அது உறக்கத்தாலும் தீர்வதில்லை, உணவாலும் தீர்வதில்லை. கை நலமாகவே இருக்கும், தாளும் எழுதுகோலும் அருகில் இருக்கும், ஓய்வும் கிடைத்திருக்கும். உள்ளம் மட்டும் எழுந்து வர மறுக்கும். கலையையே தொழிலாகக் கொண்டவர்களுக்குத்தான் இந்த நிலை நேரும் என்று எண்ண வேண்டா. பிழைப்பை நாடி வந்த ஊரில் பகலெல்லாம் உழைத்து, இரவில் ஒரு மணி நேரத்தைத் தமிழுக்கென்று ஒதுக்குகின்ற நம் போன்றவர்களுக்கே அது மிகுதியாக நேர்கின்றது.

நான் ரயில்வேயில் குமாஸ்தா. பதிவேடுகளோடும் எண்களோடும் கழிவது என் பகல். எனினும் நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் குழந்தைகள் அடிக்கும் கும்மிக்கு ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து பாட்டு எழுதிக் கொடுத்தேன். பத்தாம் ஆண்டில் ஒரு வரியும் வரவில்லை. பதினோராம் ஆண்டிலும் அவ்வாறே ஆயிற்று. அந்த இரண்டு பொங்கலிலும் குழந்தைகள் திரைப்படப் பாட்டின் ஒலிப்பதிவுக்கு ஆடினார்கள். நன்றாகவே ஆடினார்கள், ஆனால் வாய் மூடி ஆடினார்கள். வேற்று மொழிப் பள்ளியில் பயிலும் அக்குழந்தைகள், ஆண்டுக்கு ஒரு நாளேனும் தமிழைத் தாளத்தோடு வாய்விட்டுச் சொல்லிப் பழக அந்தக் கும்மி ஒன்றே வழியாக இருந்தது. அது நின்றுபோயிற்றே என்னும் எண்ணம், என் எழுத்து நின்றதைக் காட்டிலும் என்னை வருத்தியது.

நண்பர்கள் இரு வகையாக அறிவுரை சொன்னார்கள். சிறிது காலம் எல்லாவற்றையும் விட்டுவிடு, தானாக வரும் என்றார் ஒருவர். வந்தாலும் வராவிட்டாலும் நாள்தோறும் உட்கார்ந்துவிடு என்றார் மற்றொருவர். இரண்டையும் செய்து பார்த்தேன். விட்டபோது மறதி வளர்ந்தது. வற்புறுத்தியபோது வெறுப்பு வளர்ந்தது. மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதைச் சூரியநெல்லியில்தான் அறிந்தேன்.

சூரியநெல்லி என்பது இடுக்கி மாவட்டத்தில், சின்னக்கானலை அடுத்துள்ள தேயிலைத் தோட்ட ஊர். தேனி மாவட்டத்தைச் சேர்ந்த கொழுக்குமலைக்கு ஜீப் ஏறுவதும் இந்த ஊரிலிருந்துதான். இத்தோட்டங்களில் உழைத்த குடும்பங்களுள் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து மலையேறி வந்தவை. 1956-ஆம் ஆண்டு மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இந்த மலைப்பகுதி கேரளத்தில் அமைந்தது. மக்களின் வீட்டு மொழியோ தமிழாகவே நின்றது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நின்றிருந்த போடிநாயக்கனூர் ரயில் 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அகலப் பாதையில் மீண்டும் ஓடத் தொடங்கியது. அந்த வண்டியில் இறங்கி, போடிமெட்டு வழியாக மலையேறி, ஓர் உறவினர் வீட்டுக் காதுகுத்துக்காகச் சென்றிருந்தேன்.

அங்கே என் அத்தை இருக்கிறார். முப்பத்து நான்கு ஆண்டுகள் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். மாலையில் மஞ்சு இறங்கி, எதிரில் இருந்த லயத்து வீடுகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. அத்தை தம் பேரனை மடியில் கிடத்தித் தாலாட்டுப் பாடினார். மெட்டு நான் சிறு வயதில் கேட்டதுதான். சொற்கள் வேறாக இருந்தன. கொழுந்து நிறுக்கும் தராசும், கங்காணியின் குரலும், மழையில் நனைந்த கம்பளியும் அந்தப் பாட்டில் இருந்தன. பாட்டு யாருடையது என்று கேட்டேன்.

“எங்க ஆத்தா பாட்டு மருமகனே. அவுக பாட்டுல வயலும் கெணறும் வரும். இங்கெ வயலேது? அத எடுத்துட்டு, நான் பாத்தத வச்சுக்கிட்டேன்” என்றார். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது போல் மீண்டும் பாடத் தொடங்கிவிட்டார்.

அன்றிரவு அப்பாட்டை அவர் சொல்லச் சொல்ல ஒரு வரி விடாமல் எழுதினேன். இரண்டு ஆண்டுகளாக அசையாதிருந்த என் கை அன்று அசைந்தது. என் பாட்டை எழுத வேண்டும் என்னும் சுமை இல்லை; நன்றாக வருமோ வராதோ என்னும் அச்சமும் இல்லை. இன்னொருத்தியின் சொல்லைப் பிழையின்றி எடுத்துக்கொள்ள வேண்டும் என்னும் ஒரு கவலைதான். ஊர் திரும்பியபின் அதை மற்றொரு முறை நல்ல தாளில் எழுதினேன். எழுதும்போதே ஓரிடத்தில் அத்தையின் தராசுக்குப் பதில் ரயில்வே நடைமேடையில் சாமான் நிறுக்கும் தராசு வந்து நின்றது. அந்த வரி என்னுடையது.

லயங்களில் முன்னாளில் ஒரு வழக்கம் இருந்தது. விடியற்காலையில் அடுப்புச் சாம்பலைக் கிளறிப் பார்த்து, கங்கு அணைந்துபோயிருந்தால், ஒரு கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குச் சென்று நெருப்பு வாங்கி வருவார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாங்கிய கங்கு அடுத்த வீட்டுடையது. அதன்மேல் அடுக்கும் விறகு நம்முடையது. கொதிக்கும் உலையும் நம்முடையதே. கலையிலும் இப்படித்தான் என்பது என் எண்ணம்.

எழுத்தறியாத ஒரு மூதாட்டி செய்ததை, உலகம் போற்றும் ஓர் ஓவியரும் செய்திருக்கிறார். வின்சென்ட் வான்கோ 1889-ஆம் ஆண்டு மே மாதம் பிரான்சு நாட்டின் சென்ரெமி என்னும் ஊரில் மனநோய் மருத்துவமனை ஒன்றில் தங்கினார். ஜூலை மாதத்தில் நோய் கடுமையாகத் தாக்கியது. அதன்பின் சில வாரங்கள் அவர் வெளியே செல்லவும் துணியவில்லை. வயலையும் மரத்தையும் நேரில் கண்டு தீட்டிப் பழகியவருக்குக் காட்சி இல்லாமற் போயிற்று. அப்போது அவர் கையில் இருந்தவை, உழவர் வாழ்வைத் தீட்டிய மில்லே என்னும் பிரெஞ்சு ஓவியரின் படங்களைப் பார்த்து அச்சிட்ட கறுப்பு வெள்ளைத் தாள்கள். வான்கோ அவற்றை முன்னால் வைத்துக்கொண்டு வண்ணத்தில் தீட்டத் தொடங்கினார். அறுவடை செய்கின்றவர், ஆட்டு மயிர் கத்தரிக்கின்றவள், உச்சிப்பொழுதில் வைக்கோலின் நிழலில் உறங்கும் இருவர் என்று மில்லேயின் படங்களைத் தழுவி ஏறத்தாழ 20 ஓவியங்கள் பிறந்தன.

இதைப் பற்றித் தம் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில், பிறர் அமைத்த இசையை ஒருவர் தம் வாத்தியத்தில் வாசிப்பது போன்றது தம் வேலை என்னும் கருத்தை அவர் விளக்கியிருக்கிறார். கோடுகள் மில்லேயுடையவை, வண்ணம் அவருடையது. தியோவின் வீட்டில் குழந்தை பிறக்கவிருந்த வேளையில், 1890 ஜனவரியில், தத்தி நடக்கும் குழந்தையைத் தந்தை கைநீட்டி அழைக்கும் மில்லேயின் படத்தைத் தீட்டினார். குழந்தை பிறந்த பின், பிப்ரவரியில், நீல வானத்தின் எதிரே வாதுமைக் கிளை பூத்திருக்கும் ஓவியத்தை அக்குழந்தைக்காகவே தீட்டினார். அது எவரையும் தழுவியதன்று. அவருடைய சொந்த ஓவியம். இதனால் அவர் நோய் தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை. 1890 ஜூலையில் அவர் இறந்துபோனார். ஆனால் நோயின் நடுவிலும் அவர் கை நின்றுவிடாதபடி காத்தவற்றுள் மில்லேயின் கங்கும் ஒன்று.

நம் நாட்டிலும் சான்று உண்டு. கோபாலகிருஷ்ண பாரதியார் திருவையாற்றுக்குச் சென்று தியாகராஜ சுவாமிகளைக் கண்டபோது, சீடர்கள் ஆபோகி ராகத்தில் சுவாமிகளின் கீர்த்தனை ஒன்றைப் பாடினார்களாம். நீர் இந்த ராகத்தில் ஏதேனும் இயற்றியதுண்டா என்று சுவாமிகள் வினவ, அதுவரை இயற்றாதிருந்த பாரதியார் விரைவில் ‘சபாபதிக்கு’ என்னும் கீர்த்தனையை இயற்றிப் பாடினார் என்று ஒரு வரலாறு வழங்குகின்றது. திருவையாற்றில் கேட்ட ராகம் தில்லையம்பலவனைப் பாடியது.

அதே கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்திலிருந்து சுப்பிரமணிய பாரதியார் கங்கு எடுத்தார். பண்ணையாளனாகிய நந்தனை ஆண்டை அதட்டும் பாட்டு அதில் உண்டு. சுதந்தரம் விரும்பும் பாரதவாசியை ஆங்கில உத்தியோகஸ்தன் அதட்டுவதாக அந்த மெட்டிலேயே பாரதியார் ஒரு பாட்டு அமைத்தார். நந்தனார் பாட்டின் மெட்டையும் கருத்தையும் பின்பற்றியது என்னும் குறிப்பும் அப்பாட்டுக்கு உண்டு. கேட்ட மாத்திரத்தில் மக்களுக்கு நந்தனின் நிலை நினைவுக்கு வரும். தம் நிலையும் உடனே விளங்கும். பழைய மெட்டு புதிய வேலையைச் செய்தது.

அப்படியானால் களவுக்கும் இதற்கும் வேறுபாடு என்ன என்று அன்பர்கள் கேட்கலாம். இரண்டு வேறுபாடுகள் எனக்குத் தெரிகின்றன. கங்கு வாங்கியவள் எந்த வீட்டில் வாங்கினாள் என்பதை மறைப்பதில்லை. ‘எங்க ஆத்தா பாட்டு’ என்று அத்தை சொன்னதும் அதுவே. பாரதியார் பாட்டுக்கு அமைந்த குறிப்பும் அதுவே. மற்றொன்று, வாங்கியதை அப்படியே வைத்துக்கொண்டால் அது சிறிது நேரத்தில் சாம்பலாகும். நம் விறகை அதன்மேல் வைத்தாக வேண்டும். நாம் கண்டது, நாம் பட்டது, நம் தெரு, நம் வேலை ஆகியவையே அந்த விறகு. வயலை எடுத்துவிட்டுக் கொழுந்தை வைக்கத் தெரிந்தவளுக்கு இலக்கணம் கற்பிக்க வேண்டுவதில்லை.

உள்ளம் வறண்ட அன்பர்களுக்கு என் பட்டறிவில் சிலவற்றைச் சொல்வேன். படிப்பதோடு நில்லாமல், விரும்பிய ஒன்றைக் கையால் எழுதிப் பாருங்கள். கண் விரைந்து கடந்துவிடுகின்ற இடத்தில் கை நின்று செல்லும். ஆசிரியர் ஏன் இந்தச் சொல்லை வைத்தார் என்று அப்போதுதான் தெரியும். எழுதுகின்றவர் எழுத்தையே நாட வேண்டும் என்பதில்லை. ஒரு கோவில் தூணையோ, நாகசுரத்தையோ, வாசலில் ஒரு பெண் இடும் கோலத்தையோ நாடலாம். வேறு கலையைக் காணும்போது போட்டி எண்ணம் எழுவதில்லை. நான் இப்படிச் செய்யவில்லையே என்னும் பொருமல் இல்லாத இடத்தில் மகிழ்ச்சி எளிதில் நுழைகின்றது. பெரியோர் படைப்பைத்தான் நாட வேண்டும் என்பதும் இல்லை. என் கையை அசைத்தது ஒரு தாலாட்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரில் எல்லா அடுப்பும் அணைந்துபோனால் நெருப்பு வாங்க வீடு ஏது? இலங்கை மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை இதை உணர்ந்தார். 1914-இல் தோட்டத்திலேயே பிறந்து, 1947-இல் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குச் சென்றவர் அவர். கவிஞராகிய அவர் தம் கவிதையோடு நின்றுவிடாமல், தோட்ட மக்கள் வாய்வழியாகப் பாடி வந்த பாடல்களைத் திரட்டி, ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று நூலாக்கினார். சூரியநெல்லியிலும் மூணாற்றிலும் அத்தகைய பாடல்கள் இன்னும் முதியோர் நாவில் உள்ளன. தோட்டங்களில் கையால் கிள்ளிய இடத்தில் கத்தரி வந்துவிட்டது. பிள்ளைகள் படித்து வேறு ஊர்களுக்குப் போகின்றார்கள். போவது நன்றே. போகும்போது பாட்டையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

இந்தப் பொங்கலுக்குக் கும்மிப் பாட்டு ஆயத்தமாகிவிட்டது. மெட்டு அத்தையின் தாலாட்டு மெட்டு. தாளத்தைச் சற்று விரைவாக்கியிருக்கிறேன். போடியிலிருந்து மலையேறும் சாலையின் வளைவுகள் அதில் வருகின்றன. பாட்டுத் தாளின் தலைப்பில், யாரிடம் வாங்கியது என்பதையும் எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டு முதியோரிடம் இத்தகைய பாட்டு ஒன்றேனும் இருக்கும். இந்த மாதம் அதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என்றேனும் ஒரு நாள் உங்களுக்கோ அடுத்த வீட்டாருக்கோ அது வேண்டியிருக்கும்.