மூன்றாவது கம்பி

மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் பாதையில், வருண லிங்கத்துக்கும் வாயு லிங்கத்துக்கும் இடையில் இருக்கிறது எங்கள் அடி அண்ணாமலை. கிரிவலம் வருவோர் ஆதி அண்ணாமலையாரைக் கும்பிட்டுவிட்டுப் பூ வாங்குவார்கள். அதில் ஒரு முழமாவது எங்கள் தோட்டத்துப் பூவாக இருக்கும். அரை ஏக்கர் சாமந்தி, வரப்போரம் கனகாம்பரம், வீட்டை ஒட்டி ஒரு கிணறு. அப்பா பயிரிடுவார், அம்மா பறித்துத் தொடுப்பார். நான் நம் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறேன். படிப்பு எனக்கிருந்தது, அறிவு இருந்ததா என்பதை ஒரு விடியற்காலை சோதித்துப் பார்த்தது.

2024-ஆம் ஆண்டுக் கார்த்திகையை இந்த ஊர் மறக்காது. டிசம்பர் முதல் நாள், ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின. அதன் பிறகும் மழை விட்டபாடில்லை. 13-ஆம் தேதி தீபம். தீபத்துக்கு முன்னால் பூவுக்கு நல்ல விலை. இருட்டிலேயே பறித்து முடித்தால்தான் காலைச் சந்தையைப் பிடிக்கலாம். "தோட்டத்துல ஒரு லைட்டு இருந்தா தேவலைப்பா" என்றார் அம்மா.

இயற்பியல் மாணவன் ஆயிற்றே! நானே செய்கிறேன் என்றேன். வெளிச்சம் போதுமான ஒரு போகஸ் லைட் வாங்கினேன்; உலோக உடல் கொண்டது. அதை ஓர் இரும்புக் குழாயில் மாட்டிப் பாத்தியின் நடுவில் நட்டேன். வீட்டிலிருந்து அங்கே நூறடி ஒயர் வேண்டும். கடையில் மூன்று கம்பி ஒயரும் இருந்தது, இரண்டு கம்பி ஒயரும் இருந்தது. இரண்டு கம்பியில் சில நூறு ரூபாய் மிச்சம். விளக்கின் பச்சைக் கம்பியை எதிலும் சேர்க்காமல் மடித்துச் சுருட்டி விட்டேன். நடுவில் ஒரு ஜாயின்ட். அதன்மேல் டேப் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பையும் கட்டினேன். விளக்கு எரிந்தது. அம்மாவின் முகமும் மலர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டிசம்பர் 12, விடியற்காலை. தூறல். அம்மா வெறுங்காலோடு சேற்றில் நின்று பறித்துக் கொண்டிருந்தார். கால் வழுக்கவே, பிடிப்புக்காக அந்த இரும்புக் குழாயைப் பற்றினார். பற்றிய கை விடவில்லை. கத்தவும் முடியவில்லை. நான் பாய்ந்து ஓடினேன். "டேய், தொடாதடா! மெயினை நிறுத்து!" என்று வரப்பிலிருந்து சித்தப்பா போட்ட சத்தம்தான் என்னைத் தடுத்தது. அவரே வீட்டுக்குள் ஓடி மெயினை அணைத்தார். அம்மா சாமந்திப் பாத்தியில் சரிந்தார்.

உயிர் பிழைத்தார். மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்து, இரவும் வைத்திருந்து கவனித்தார்கள். வலது உள்ளங்கையும் ஆள்காட்டி விரலும் வெந்திருந்தன. இரண்டு மாதம் அவரால் ஒரு முழம் பூக்கூடத் தொடுக்க முடியவில்லை. மறுநாள் மாலை ஆறு மணிக்கு 2668 அடி உயர மலையுச்சியில் தீபம் ஏறியபோது, ஊரே "அரோகரா" என்று கைகூப்பியது. வார்டு வராந்தாவில் நின்ற எனக்கு நிமிர்ந்து பார்க்க மனம் வரவில்லை.

என்ன நடந்தது? தோழர்களே, நாம் தேர்வில் எழுதும் ஓம் விதிதான் நடந்தது. உலர்ந்த தோலின் மின்தடை பல்லாயிரம் ஓம் இருக்கலாம். நனைந்துவிட்டால் உடலின் தடை ஏறத்தாழ 1000 ஓமுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டை 1000-ஆல் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். சேறும் மண்ணும் கொஞ்சம் குறைத்தாலும், உயிரைப் பறிக்க அதில் ஒரு பங்கு போதும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் தன்னார்வலர்களைக் கொண்டு இதைச் சோதித்தார். பிடித்த கம்பியைத் தானாக விடமுடிகிற எல்லை, சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 என்று கண்டார். அதற்கு மேல் போனால் விரல் தசைகள் இறுகிக் கை மூடிக்கொள்ளும். அம்மாவின் கை விடாததற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் பியூஸ் ஏன் போகவில்லை? 5 ஆம்பியர் பியூஸ் என்பது 5000 மில்லி ஆம்பியர். அது ஒயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. மனிதரைக் காப்பாற்ற அன்று. விளக்குக்குள் மழைநீர் இறங்கி, அதன் உடலுக்கு மின்சாரம் வந்துவிட்டது. நான் சுருட்டி விட்ட பச்சைக் கம்பி நல்ல எர்த்துக் குழியோடு சேர்ந்திருந்தால், மின்சாரம் அதன் வழியே பாய்ந்து பியூஸ் அப்போதே போயிருக்கும். மின்சாரம் எப்படியும் மண்ணைத் தேடும். நாம் கம்பியில் வழி கொடுக்காவிட்டால், நம் உடல் வழியாகத் தேடிக்கொள்ளும்.

மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் ஏன் நீளம்? மற்ற இரண்டும் தொடும் முன்பே பாதுகாப்பு தொட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான். அதையே வளைத்தும் ஒடித்தும் இரண்டு துளையில் செருகும் வீடுகள் நம்மிடையே எத்தனை!

இப்போது எங்கள் வீட்டில் சில மாற்றங்கள். கரியும் உப்பும் இட்டுப் புதிய எர்த்துக் குழி வைத்தோம்; கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. மெயின் பக்கத்தில் ஆர்.சி.டி. என்னும் உயிர்காக்கும் கருவி. போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டாலே, கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். தமிழ்நாட்டில் புதிய வீட்டு இணைப்புகளுக்கு இது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பழைய வீட்டுக்காரர்களும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்துப் பொருத்திக்கொள்ளலாம். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறேன். தோட்டத்து ஒயரில் ஜாயின்ட் கிடையாது. மோட்டாரையோ விளக்கையோ தொடுமுன் சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்குகிறோம். கொடிக்கயிற்றை மின்கம்பத்தில் கட்டுவதில்லை, மாட்டையும் கட்டுவதில்லை. யாருக்கேனும் ஷாக் அடித்தால் முதலில் மெயினை அணை, பிறகு ஆளைத் தொடு, 108-ஐ அழை. சித்தப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர். இந்தப் பாடத்தில் எனக்கு ஆசிரியர் அவரே.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. "மழையாலதான்பா அப்படி ஆச்சு" என்று அம்மா இன்றும் எல்லோரிடமும் சொல்கிறார். நானும் வாய் திறக்கவில்லை. மழை என்ன செய்யும்? பச்சைக் கம்பியைச் சுருட்டியது மழை அன்று. ஓம் விதிக்கு முழு மதிப்பெண் வாங்கிய இந்தக் கை.

மலர் அச்சாகி வந்ததும் இந்தப் பக்கத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். அதற்குள் நீங்கள் உங்கள் வீட்டுக்குப் போய், பிளக்கில் அந்த மூன்றாவது பின் இருக்கிறதா, அதிலிருந்து போகும் கம்பி மண்ணைத் தொடுகிறதா என்று பாருங்கள்.