மலையிலிருந்து கண்ட கடல்

ஊவா மாகாணத்துக்குக் கடல் இல்லை. பதுளை, மொனறாகலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்ட இம்மாகாணம் நாற்புறமும் நிலத்தாற் சூழப்பட்டது. 1924ஆம் ஆண்டிற் பதுளையை வந்தடைந்த மலைநாட்டுப் புகையிரதப் பாதையும் அந்நகரோடு முடிந்துவிடுகின்றது. நமுனுகுல மலைச்சாரலிற் பிறந்து வளரும் பிள்ளைக்குக் கடல் என்பது பாடநூற் படமாகவோ, பாடசாலைச் சுற்றுலாவின்போது ஒருநாட் காணும் காட்சியாகவோதான் அறிமுகமாகின்றது. இத்தகைய நிலத்தில், தோட்டமொன்றின் லயக் காம்பிராவில் வாழும் இளைஞன் ஒருவன், கணினி விளையாட்டொன்றிற் கடலோடும் கலை எப்போது சேர்க்கப்படும் என நாட்களை எண்ணிக் காத்திருந்தான். கேட்போர்க்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயின், அப்புதிய விரிவாக்கத்தை முதன்முதலாகக் கண்டபோது அவனுள் எழுந்த எண்ணங்கள் விளையாட்டின் எல்லையைக் கடந்து, மலையகத்தின் வரலாறு வரை சென்றன. அவ்வெண்ணங்கள் சிந்தனைக்குரியவை.

அவ்விளையாட்டின் பெயர் 'ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்'. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரைச் சேர்ந்த ஜகெக்ஸ் நிறுவனம் அதனை நடத்துகின்றது. மந்திரமும் அரக்கரும் அரசர்களும் நிறைந்த ஒரு கற்பனை உலகில், உலகின் பல பாகங்களிலுமுள்ள ஆட்டக்காரர்கள் இணையத்தின் வாயிலாக ஒரே வேளையில் உலவுவர், மரம் தறிப்பர், மீன் பிடிப்பர், சுரங்கம் தோண்டுவர், போர் புரிவர். 2018ஆம் ஆண்டிலிருந்து இதனைக் கைத்தொலைபேசியிலும் ஆட முடிகின்றது. இவ்வுலகின் கடிகாரம் 0.6 வினாடிக்கு ஒருமுறையே அசைகின்றது. ஆட்டக்காரர் செய்யும் செயல் யாவும் அவ்வசைவிலேயே கணக்கிடப்படும். விரைவு சற்றுக் குறைந்த இணைய இணைப்பும் இதற்குப் போதுமானது. மழை நாட்களில் அலைவரிசை வந்தும் மறைந்தும் போகின்ற மலைத்தோட்டத்தில், மலிவான கைத்தொலைபேசியொன்றை வைத்துக்கொண்டு அவன் இவ்வுலகின் குடியாக முடிந்தமைக்கு இதுவே காரணம்.

வேடம் பூண்டு வேறோர் உலகில் வாழ்தல் மலையகத்துக்குப் புதியதன்று. மாசி மாதத்திற் காமன் ஊன்றி, காமனும் ரதியும் சிவனும் தோட்டத்து மைதானத்தில் உயிர்பெற்று உலவும் காமன் கூத்தினைப் பார்த்து வளர்ந்தவர்களே அத்தோட்டத்து மக்கள். பகலிற் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஏச்சு வாங்கியவர், இரவிற் கடவுளாகி நெற்றிக்கண் திறப்பதை அவர்கள் கண்டிருக்கின்றனர். ஆகவே, அவ்விளைஞன் கைத்தொலைபேசியில் வாளேந்தித் திரிவதை வீட்டார் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "லைட்டு பில்ல யாரு கட்டுறது?" என்று தாய் கேட்பதோடு கண்டனம் முடிந்துவிடும்.

இனி, கடலோட்டம் இவ்வுலகில் வந்து சேர்ந்த வரலாற்றை நோக்குதல் தகும். 2013ஆம் ஆண்டு பெப்ரவரியில் இவ்விளையாட்டுத் தொடங்கப்பட்டதே ஒரு வாக்கெடுப்பின் பயனாகத்தான். 2007ஆம் ஆண்டிலிருந்த பழைய வடிவத்தை மீட்டுத்தர வேண்டுமா என ஜகெக்ஸ் வினவியபோது, ஏறத்தாழ 4½ இலட்சம் பேர் வாக்களித்தனர். அதன்பின், புதிதாக எதனைச் சேர்ப்பதாயினும் ஆட்டக்காரர்களின் சம்மதம் பெறல் வேண்டும் என்பது நடைமுறையாயிற்று. அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதாது. தொடக்கத்தில் 75 வீதமும், பின்னர் 70 வீதமும் தேவை என வரையறுக்கப்பட்டது. கடலோட்டம் என்ற யோசனை முதலில் ஏப்ரல் முட்டாள்கள் தினக் கேலியாகவே பிறந்தது. 2015ஆம் ஆண்டில் அது மெய்யாகவே வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. பாதிக்கு மேற்பட்டோர் ஆதரித்தும், வேண்டிய வீதத்தை எட்டாமையாற் கைவிடப்பட்டது. 2023ஆம் ஆண்டில் மூன்று யோசனைகள் முன்வைக்கப்பட்டபோது அவற்றுட் கடலோட்டமே தெரிவாயிற்று. விளையாட்டிலிருந்த 23 திறன்களோடு 24ஆவதாக அது சேர்வதற்கு இவ்வளவு காலமும் இத்தனை வாக்குகளும் தேவைப்பட்டன.

2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இதன் முன்னோட்டப் பதிப்பு ஆட்டக்காரர்களின் சோதனைக்கு விடப்பட்டது. பதுளை நகரில் வசிக்கும் நண்பனொருவனின் கணினியில் அவன் அதனைக் கண்டான். முதலில் வியப்பே மேலிட்டது. அதுவரை அவ்வுலகிற் கப்பல்கள் இல்லாமலில்லை. துறைமுகத்தில் நிற்கும் மாலுமியிடம் 30 பொற்காசு கொடுத்தால் அடுத்த தீவிற் கொண்டுபோய் இறக்கிவிடுவான். கடல் கண்ணுக்குத் தெரியும். ஆனால் பயணி அதனைக் கடப்பதில்லை, கடத்தப்படுவான். இப்போதோ சுக்கான் அவன் கையில் இருந்தது. பாயை விரித்தான், காற்று உரத்து வீசும் தருணத்திற் பாயைச் சீர்செய்தபோது படகு விரைந்தது. ஓடும் படகின் தளத்திற் பாத்திரங்கள் நடமாடின. அசையும் ஒரு சிற்றுலகைப் பேருலகொன்றினுள் மிதக்கவிட வேண்டியிருந்தமையால், விளையாட்டின் அடிப்படைப் பொறிமுறையையே மாற்றியமைக்க நேர்ந்தது என்பதை அவன் அறிந்திருந்தான். எனினும், முன்னோட்டத்தின் குறைகளையும் அவன் காணத் தவறவில்லை. கடல் மிகப் பரந்தும் வெறுமையாகவும் இருந்தது. நெடுநேரம் நீரைத் தவிர வேறெதுவும் இல்லை. 'கடல் என்றால் இப்படித்தான் இருக்குமோ?' என்ற ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள அவனுக்கு அனுபவம் போதவில்லை.

அன்று தன் கைத்தொலைபேசியிற் பதிந்துகொண்ட காட்சியை இரவு வீட்டில் அவன் பார்த்துக்கொண்டிருந்தபோது, அருகிலிருந்த அப்பாயி எட்டிப் பார்த்தார்.

"என்னாடா தம்பி அது? கப்பலா?"

"ஆமா அப்பாயி. நானே ஓட்டுறேன்."

"திரும்பி வருமா?"

அவனுக்கு வினா விளங்கவில்லை. "எது?"

"அந்தக் கப்பலுதான். போனா திரும்பி வருமான்னு கேக்குறேன்."

"நம்ம திருப்புனா வரும் அப்பாயி."

அப்பாயி சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க அண்ணன் போன கப்பல திருப்ப ஆளில்ல," என்றார். பின்னர் எழுந்து அடுப்பைப் பார்க்கச் சென்றுவிட்டார்.

அப்பாயியின் அண்ணன் 1970களில், மனைவி மக்களோடு தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்துக்குச் சென்றவர். பதுளையிற் புகையிரதம் ஏறிய நாளில் மேடையெங்கும் அழுகை ஒலி கேட்டது என அப்பாயி முன்னரும் கூறியதுண்டு. அதுவரை அவனுக்கு அது குடும்பத்துப் பழங்கதை. படகின் சுக்கானைத் திருப்பிப் பார்த்த அன்றே, பயணியாதல் வேறு, ஓட்டியாதல் வேறு என்பது அவனுக்கு உறைத்தது.

மலையக மக்களின் வரலாற்றிற் கடல் இருமுறை குறுக்கிடுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்கும், பின்னர் தேயிலைக்கும் ஆட்கள் தேவைப்பட்டபோது அவர்களின் முன்னோர் பாக்கு நீரிணையைக் கடந்து வந்தனர். மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டு, தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரச் சீட்டோடு அனுப்பப்பட்டவர்கள் பலர். அவர்களுக்கு முன்னரே அவர்களின் கடன் தோட்டத்தை வந்தடைந்தது எனலாம். இரண்டாம் முறை கடல் குறுக்கிட்டது சட்டத்தின் வழியாக. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தம் அவர்களின் வாக்குரிமையையும் நீக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டில் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன.

ஈண்டு ஒன்று கவனிக்கத்தக்கது. எந்நாட்டுப் பிரசாவுரிமையை விரும்புகின்றனர் என்று மக்களிடம் விண்ணப்பம் கோரப்பட்டது உண்மையே. ஆனால் எண்ணிக்கை முதலில் முடிவாயிற்று. விருப்பம் பின்னரே கேட்கப்பட்டது. இலங்கைப் பிரசாவுரிமை வேண்டி விண்ணப்பித்தோர் தொகை, இலங்கைக்கென ஒதுக்கப்பட்ட தொகையினும் மிகப் பெரிதாக இருந்தது. அதனை ஒரு வாக்கெடுப்பு எனக் கொண்டால், அதன் முடிவு மிகத் தெளிவானது. முடிவை மதிப்பதற்கான விதிதான் இருக்கவில்லை. இங்கே தங்கிய அப்பாயிக்கும் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே பிரசாவுரிமை கிடைத்தது. எஞ்சியிருந்தோர் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

விளையாட்டொன்றில் இல்லாத கடலை உண்டாக்குவதற்கு முன் அங்கு உலவுவோரின் சம்மதம் கேட்கப்படுகின்றது. மெய்யான கடலின் அக்கரைக்கு மக்களை அனுப்புவதற்கு முன் அவ்வாறு கேட்கப்படவில்லை. புதிய விரிவாக்கம் பற்றிய அவனது முதல் எண்ணங்களுள் ஆழமாக நிலைத்தது இதுவே. வண்ணமும் ஒலியும் அதற்குப் பின்னரே வந்தன.

ஆயினும், ஒரு வணிக நிறுவனத்தின் வாக்கெடுப்பை மக்களாட்சியின் இலக்கணமாக அவன் போற்றிவிடவில்லை. அவ்வுலகில் வாக்களிக்கும் உரிமை சந்தா செலுத்துவோர்க்கே உண்டு. ஒரு மாதச் சந்தா, 2025ஆம் ஆண்டில் 1,350 ரூபா அடிப்படை நாட்கூலி பெற்ற தோட்டத் தொழிலாளியின் ஏறத்தாழ மூன்று நாள் உழைப்புக்கு ஈடானது. தாயின் மூன்று நாட் கொழுந்தைக் கொடுத்து அவ்வுரிமையை வாங்க அவன் மனம் ஒப்பவில்லை. அதற்கு வேறொரு வழியும் இருந்தது. ஆட்டத்தினுள்ளேயே ஈட்டும் பொற்காசுகளைக் கொடுத்துப் பத்திரமொன்றை வாங்கினால் 14 நாட்கள் உறுப்பினராக இருக்கலாம். அதன் விலையோ ஒரு கோடிப் பொற்காசுக்கும் அதிகம். மாதக்கணக்காக மரம் தறித்தும் மீன் பிடித்தும் அவன் அதனைச் சேர்த்தான். சொத்தும் வருமானமும் கல்வியும் உடையோர்க்கே வாக்கு என்றிருந்த நிலை இலங்கையில் 1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியற் திட்டத்தோடு நீங்கியது என்று வரலாற்றுப் பாடத்திற் படித்தவன் அவன். தான் விரும்பி உலவும் உலகில் அப்பழைய நிலை இன்னும் வாழ்வதை அவன் சிரித்துக்கொண்டே நண்பர்களிடம் சுட்டிக்காட்டுவான். கேட்கப்படுவோர் யார், கேட்கப்படாதோர் யார் என்பதையும் சேர்த்து நோக்காதவிடத்து, வாக்கெடுப்பு என்ற சொல்லுக்கு மதிப்பில்லை என்பது அவன் கருத்து.

கடலோட்டம் 2025ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் முழுமையாக வெளியாயிற்று. அம்மாத இறுதியில் டிட்வா புயல் இலங்கையைத் தாக்கியது. மண்சரிவுகளாற் கடும் உயிரிழப்பைச் சந்தித்த மாவட்டங்களுட் பதுளையும் ஒன்று. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடிய துயரை மறவாத மக்கள், மீண்டும் மழை இரவுகளில் விழித்திருந்தனர். மின்சாரமும் இணையமும் அற்ற அந்நாட்களிற் கற்பனைக் கடலைப் பற்றி எவரும் நினைக்கவில்லை. மலை சரிந்தால் எங்கே போவது, எந்த நிலத்தில், எவ்வளவு பரப்பில், எவ்வகை வீட்டில் மீண்டும் குடியேறுவது என்பவையே வினாக்களாயின.

இவ்வினாக்களுக்கு விடை தேடும் மேசைகளில் வரைபடங்கள் விரிக்கப்படும், எண்ணிக்கைகள் எழுதப்படும். மலைச்சரிவை அளக்க நிபுணர்கள் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எந்த மண் உறுதியானது என்பதை வாக்கெடுப்பினால் அறிய முடியாது. ஆனால், உறுதியான மண்ணில் எத்தகைய வாழ்வு அமைய வேண்டும் என்பதை அங்கு வாழப்போகின்றவர்களே கூற வல்லவர்கள். பாடசாலைக்கு எவ்வளவு தூரம், வேலைக்கு எந்த வழி, மாரியம்மன் கோயிலையும் அயலவரையும் விட்டுப் பிரிய நேருமா என்பனவற்றை எந்த அளவுகோலும் சொல்லிவிடாது. 1964இல் எண்ணிக்கையை முதலில் எழுதி விருப்பத்தைப் பின்னர் கேட்ட வழி எங்கு கொண்டுசென்றது என்பதை ஊவாவின் ஒவ்வொரு லயமும் அறியும்.

நண்பர்கள் அவனிடம் கடலோட்டம் எப்படி என்று கேட்டால், நன்றாக இருக்கின்றது, சற்று நீளம்தான் என்கின்றான். இந்நாட்களில் அவன் அதனைவிட அதிகமாகப் பேசுவது, தோட்டத்துக் கோயில் முன்றலிற் கூடும் கூட்டத்தைப் பற்றியே. குடியேற்றம் குறித்து அதிகாரிகள் வரும் நாளில், ஒவ்வொரு வீட்டாரின் விருப்பமும் எழுதப்பட்ட தாளொன்று தயாராக இருத்தல் வேண்டும் என்று அவனும் நண்பர்களும் வீடு வீடாகச் செல்கின்றனர். முதலாவது பெயர் அப்பாயியுடையது.