அம்பாசிடரா, மாருதியா?

எங்கள் வீட்டில் இரண்டு கார்கள் இருந்தன. மாமனார் காலத்தில் அம்பாசிடர். என் காலத்தில் மாருதி 800. எது உசத்தி என்று பேச்செடுத்தால் பல்லடத்தில் இன்றைக்கும் பட்டிமன்றம்தான்!

அம்பாசிடர் 1950-களின் கடைசியில் வந்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைப் பார்த்துச் செய்தது. முன்சீட்டு பெஞ்சு மாதிரி நீளமாக இருக்கும். உடுமலை வழியாகப் பழனிக்குப் புறப்பட்டால் பெரியவர்கள், பிள்ளைகள், கட்டுச்சோறு எல்லாம் உள்ளே அடங்கிவிடும். ஆனால், ஸ்டியரிங்கைத் திருப்பத் தோளில் வலு வேண்டும். பெண்களுக்கு எப்போதும் பின்சீட்டுதான்.

மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். 796 சி.சி., மூன்றே சிலிண்டர். எடையோ அம்பாசிடரில் ஏறக்குறையப் பாதி. "ஏனம்மிணி, சொப்புச் சாமானாட்ட இருக்குது! இடிச்சா நசுங்கிப் போகாதா?" என்றார் மாமனார். அந்தச் சொப்பில்தான் நான் ஓட்டக் கற்றேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாரையும் எதிர்பாராமல் கோவைக்குக் கிளம்பிவிடுவேன். அந்தத் தைரியத்தைக் கொடுத்தது மாருதி.

ஆனாலும், மாமனார் கேட்ட கேள்வியை நாம் யோசிக்க வேண்டும். கெட்டியான வண்டி என்றால் பத்திரம் என்று நினைக்கிறோம். வண்டி நசுங்காவிட்டால் மோதலின் அதிர்ச்சி உள்ளே இருப்பவர்கள் மேல்தான் இறங்கும். அதனால்தான் இப்போதைய கார்களில் முன்பக்கம் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்படி அமைக்கிறார்கள். காற்றுப்பையும் வைக்கிறார்கள். மாருதி 800-இல் அது கிடையாது.

அந்த நாளில் இரண்டு கார்களிலும் குழந்தைகள் நம் மடியில்தான் வந்தார்கள். மடியைவிடப் பத்திரமான இடம் ஏது என்று தோன்றும், இல்லையா? ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் எதன்மீதாவது மோதி நின்றால், பத்துக் கிலோ குழந்தை இருநூறு கிலோ மூட்டை போல முன்னால் பாயும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது.

2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டமும், பதினாலு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு பெல்ட்டோ, குழந்தை இருக்கையோ கட்டாயம் என்கிறது. தவறினால் ஆயிரம் ரூபாய் அபராதம்.

அம்பாசிடர், மாருதி 800 இரண்டின் உற்பத்தியும் 2014-இல் நின்றுவிட்டது. மடியில் வைக்கும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. இளம் தாய்மார்களே, கைக்குழந்தையைப் பின்சீட்டில், பின்னோக்கிய குழந்தை இருக்கையில் வைத்து பெல்ட் போடுங்கள். இரண்டு நாள் அழும். மூன்றாம் நாள் பழகிவிடும்!